கிரேட் பேசின் மலையில் கூடாரம்: உயரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

பாலைவனத்தில் கூடாரம் போடப் போகிறோம் என்றால் பலரும் தொப்பியும் தண்ணீர் கேனும்தான் எடுத்து வைப்பார்கள். கம்பளி எடுத்து வைப்பவர் குறைவு. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், யூட்டா எல்லையை ஒட்டி இருக்கும் கிரேட் பேசின் தேசியப் பூங்காவுக்கு இரண்டும் வேண்டும், அதுவும் ஒரே நாளில். ஜூலைப் பிற்பகலில் அடிவார ஊரான பேக்கரில் வெயில் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அங்கிருந்து மலைச்சாலையில் கடைசிவரை ஏறினால் வரும் மேல் முகாமில் அன்றிரவே 5 டிகிரியை ஒட்டி இறங்கிவிடலாம்.

காரணம் உயரம்தான். பேக்கர் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே வீலர் பீக் முகாம் 9,886 அடி, அதாவது 3,013 மீட்டர். நீலகிரியின் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அதனால் இந்தப் பூங்காவுக்குத் திட்டம் போடும்போது நான் தேதியிலிருந்து தொடங்குவதில்லை. எந்த உயரத்தில் தூங்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்தால் மாதம், போர்வை, சமையல், நடை எல்லாம் அதன் பின்னால் தானாக வரிசைக்கு வந்துவிடும்.

போகும் முன் நிலத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

கிரேட் பேசின் என்பது பூங்காவின் பெயராவதற்கு முன்பே ஒரு பெரும் நிலப்பரப்பின் பெயர். நெவாடாவின் பெரும்பகுதியும் யூட்டாவின் மேற்குப் பாதியும் அதில் அடக்கம். இங்கே பெய்யும் மழையும் உருகும் பனியும் எந்தக் கடலுக்கும் போய்ச் சேர்வதில்லை. ஓடைகள் பள்ளத்தாக்கில் இறங்கி, உப்பு ஏரியிலோ மண்ணிலோ முடிந்துவிடும். மேற்கே சியெரா நெவாடா மலைத்தொடர் பசிபிக் கடலின் ஈரக்காற்றைத் தடுத்து நிறுத்திவிடுவதால் இது மழை மறைவுப் பிரதேசம். பள்ளத்தாக்குகள் பலவுமே நல்ல உயரத்தில் இருப்பதால் குளிர்காலத்தில் பனி பெய்யும் பாலைவனம்.

இந்த வறண்ட தரையிலிருந்து ஸ்நேக் மலைத்தொடர் சுவர் போல எழுகிறது. அதன் உச்சி வீலர் பீக், 13,063 அடி, நெவாடாவில் இரண்டாவது உயரம். பூங்கா அறிவிக்கப்பட்டது 1986 அக்டோபர் 27-இல். அதற்கு முன்பே, 1922-இலிருந்து, உள்ளே இருக்கும் லேமன் குகை மட்டும் தேசிய நினைவுச்சின்னமாக இருந்தது. பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. கூட்டமும் குறைவு, கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போய் வாகன வரிசையில் நொந்தவர்களுக்கு இந்த ஒன்றே போதும்.

மலை ஏறும்போது சாலையோர மரங்களைக் கவனித்துக்கொண்டே போங்கள். உயரமானி தேவையில்லை. அடிவாரத்தில் சாம்பல் பச்சையில் சேஜ் புதர். கொஞ்சம் ஏறினால் பின்யன் பைனும் ஜூனிபரும். அப்புறம் வெள்ளைத் தண்டு ஆஸ்பென். அதற்கு மேலே ஸ்ப்ரூஸும் லிம்பர் பைனும். மரங்கள் தீரும் எல்லையில், நீண்ட ஆயுளுக்குப் பெயர் போன பிரிசில்கோன் பைன். ஜூனிபர் காட்டுக்கு ஒரு கதையும் உண்டு. 2014 நவம்பரில் பூங்காவின் தொல்லியல் குழுவினர் ஒரு ஜூனிபர் மரத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்த வின்செஸ்டர் துப்பாக்கியைக் கண்டெடுத்தார்கள். 1882-இல் செய்யப்பட்டது. யாரோ ஒருவர் சாய்த்து வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. அடிக்கட்டை மண்ணில் புதைந்து, மரத்தின் நிறத்துக்கே மாறி நின்றிருந்தது. இந்த வறண்ட காற்றில் எதுவும் சீக்கிரம் மக்குவதில்லை. நீங்கள் வீசிவிட்டுப் போகும் ஆரஞ்சுத் தோலும்கூட.

படி 1: எந்த உயரத்தில் தூங்குவது?

வசதிகள் செய்யப்பட்ட முகாம்கள் ஐந்து. இவற்றை இரண்டு உயரங்களாகப் பிரித்துப் பார்ப்பது எளிது.

நடு உயரம், ஏறத்தாழ 2,200 முதல் 2,400 மீட்டர்: லோயர் லேமன் க்ரீக், அப்பர் லேமன் க்ரீக், பேக்கர் க்ரீக், கிரே கிளிஃப்ஸ். கோடையில் பகல் இதமாகவும் இரவு ஒரு நல்ல போர்வைக்குக் குளிராகவும் இருக்கும். லேமன் ஓடையோரம் இருக்கும் இரண்டுக்கும் தார்ச்சாலை உண்டு. பேக்கர் க்ரீக்கும் கிரே கிளிஃப்ஸும் சரளைச் சாலையில் இருக்கின்றன; சாதாரண காரே போகும், வேகம்தான் கூடாது. ஆண்டு முழுக்கத் திறந்திருப்பது லோயர் லேமன் மட்டும்.

மேல் உயரம்: வீலர் பீக் முகாம் ஒன்றுதான். ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே, சிகரம் தலைக்கு மேல் நிற்க, ஏரிகளுக்கும் பிரிசில்கோன் தோப்புக்கும் போகும் பாதைகள் வாசலிலேயே தொடங்கும். படங்களில் பார்த்து எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான். ஆனால் 24 அடிக்கு மேல் நீளமான வண்டிகளை அப்பர் லேமனுக்கு மேலே போகும் சாலையில் விடமாட்டார்கள். சாலை செங்குத்து, வளைவுகள் அதிகம்.

இவை தவிர, தெற்கே ஸ்நேக் க்ரீக் சாலையில் கட்டணமில்லாத எளிய இடங்கள் இருக்கின்றன. குழாய்த் தண்ணீர் கிடையாது. முதல் முறை போகிறவர்களுக்கும் சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கும் அதை நான் சொல்லமாட்டேன்.

என் பரிந்துரை: முதல் இரவு நடு உயரத்தில், அடுத்த இரவோ இரண்டு இரவுகளோ மேலே. கடல் மட்டத்திலிருந்து, உதாரணமாகச் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலிருந்தோ லாஸ் ஏஞ்சலஸிலிருந்தோ, காலையில் கிளம்பி அன்றிரவே 3,000 மீட்டரில் படுத்தால் தலைவலியும் தூக்கமின்மையும் பலருக்கு வரும். உடல் பழக ஒரு இரவு கொடுத்துவிட்டால் மீதி நாட்கள் நன்றாகப் போகும். கூடாரத்தை இரண்டு முறை அடிப்பது சலிப்புதான், ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது முறை மாற்ற மனமில்லையென்றால் முழுப் பயணத்தையும் அப்பர் லேமனில் வைத்துக்கொண்டு, பகலில் மட்டும் காரில் மேலே போய் வாருங்கள். ஆஸ்துமா, இதய நோய் உள்ள பெரியவர்கள் உடன் வந்தால் அதுதான் சரி. மருத்துவரிடமும் முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படி 2: மாதமும் நிலவும்

மேல் சாலை பனி உருகினால்தான் திறக்கும். வழக்கமாக ஜூனில் திறந்து, இலையுதிர் காலத்தில் மறுபடி பனி விழும்போது மூடப்படும். ஆகவே மேல் உயரத்தில் தூங்க விரும்பினால் உங்களுக்கு இருப்பது ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரைதான். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். செப்டம்பரில் வானம் தெளியும், ஆஸ்பென் இலைகள் பொன்னாகும், இரவு பூஜ்ஜியத்தைத் தொடும். குளிர் தாங்குவீர்கள் என்றால் செப்டம்பர் பாதிதான் என் தேர்வு. அந்தச் சமயத்தில் பின்யன் கொட்டைகளும் பழுக்கும். ஷோஷோனி, கோஷூட், பையூட் மக்களுக்குக் குளிர்காலம் முழுக்க உணவாக இருந்தது இதுதான். வீட்டுக்கெனக் கொஞ்சம் பொறுக்கிக்கொள்ளப் பூங்காவில் அனுமதி உண்டு. எவ்வளவு, எங்கே என்று ரேஞ்சரிடம், அதாவது பூங்காக் காவலரிடம், கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். பேச்சுக்குச் சொல்லவில்லை. இந்தப் பூங்கா 2016-இல் சர்வதேச இருள்வானப் பூங்காவாக அங்கீகரிக்கப்பட்டது. பெரிய ஊர் எதுவும் பக்கத்தில் இல்லாததால் வானம் அப்படி இருக்கும். பால்வீதி பார்க்க வேண்டுமென்றால் அமாவாசையை ஒட்டிய நான்கைந்து நாட்களில் போக வேண்டும். பௌர்ணமி சமயத்தில் போனால் மலை வெள்ளியாக மின்னும், நடக்க டார்ச் வேண்டாம், ஆனால் விண்மீன்களில் பாதி காணாமல் போகும்.

படி 3: முன்பதிவு

முகாம்களுக்கான இடம் அமெரிக்க அரசின் ரிக்ரியேஷன்.கவ் தளத்தில் பதிவாகிறது. கோடையின் வார இறுதிகள் சீக்கிரம் நிரம்பும். திங்கள் முதல் வியாழன் வரை சுலபம். எந்த முகாம் முன்பதிவில், எது முந்தி வருபவருக்கு என்பது பருவத்துக்குப் பருவம் மாறுவதால் பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

குகைக்குத் தனிச் சீட்டு. லேமன் குகைக்குள் ரேஞ்சர் இல்லாமல் போக முடியாது. குழு சிறியது, சீட்டு சீக்கிரம் தீரும். முகாமைப் பதிவு செய்த கையோடு குகைச் சீட்டு எந்தத் தேதியில் திறக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்புக்காகக் குகையை மூடும் காலங்களும் உண்டு. அதையும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

படி 4: போய்ச் சேர்வது

சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஏறத்தாழ 235 மைல், லாஸ் வேகஸிலிருந்து 290 மைலை ஒட்டி. நெவாடாவின் குறுக்கே போகும் 50-ஆம் நெடுஞ்சாலையை 1986-இல் லைஃப் பத்திரிகை நாட்டின் மிகத் தனிமையான சாலை என்று எழுதியது. கிண்டலாகச் சொன்னதை நெவாடாக்காரர்கள் விளம்பரமாகவே ஆக்கிக்கொண்டார்கள். மேற்கே ஈலி சுமார் 70 மைல், கிழக்கே யூட்டாவின் டெல்டா சுமார் 100 மைல். இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே மளிகைக் கடை என்று நம்பிப் போக ஒன்றும் இல்லை. பேக்கரில் பெட்ரோல் கிடைக்கும் என்றாலும், டெல்டாவிலோ ஈலியிலோ முழுத் தொட்டி நிரப்பி, ஐஸும் காய்கறியும் தண்ணீரும் அங்கேயே வாங்கிவிடுங்கள். கைபேசி சிக்னல் போய்விடும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். முகாம் பதிவுச் சீட்டின் படத்தையும் கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள்.

அந்தியில் ஓட்டுவதைத் தவிர்க்கப் பாருங்கள். மான்கள் சாலையைக் கடக்கும் நேரம் அது. திறந்தவெளி மேய்ச்சல் நிலங்களில் மாடுகளும் தாரின் சூட்டுக்கு வந்து நிற்கும்.

படி 5: மூட்டை

தூக்கத்துக்குத்தான் முதல் செலவு. மேல் முகாமுக்குச் சுமார் மைனஸ் 5 டிகிரி வரை சௌகரியமாக இருக்கும் ஸ்லீப்பிங் பேக் எடுங்கள். உறையில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று சௌகரிய அளவு, மற்றது தாங்கும் எல்லை. பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான், அதை நம்பிப் போனால் விடிய விடிய முழித்துக் கிடக்க வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம் கீழே விரிக்கும் பாய். உடல் கனத்தில் பையின் அடிப்பஞ்சு நசுங்கிவிடும். தரைக் குளிரைத் தடுப்பது பாய்தான். குளிரைத் தடுக்கும் திறனைக் காட்டும் ஆர் மதிப்பு (R-value) 4 அல்லது அதற்கு மேல் உள்ளதாகப் பாருங்கள். காற்றடைத்த சாதாரண மெத்தை மெத்தென்று இருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் காற்று சில்லிட்டு முதுகை விறைக்க வைக்கும்.

துணியில் பருத்தியைக் குறைத்து, கம்பளியும் செயற்கை இழையும் எடுங்கள். வியர்வையில் நனைந்த பருத்தி பனியன் மாலையில் ஈரத்துணி கட்டியது போலாகிவிடும். குல்லாய், கையுறை, மழைக்கோட்டு ஜூலையிலும் வேண்டும்.

காற்று மிக வறண்டது. உதடு வெடிக்கும், மூக்கு காய்ந்து சிலருக்கு ரத்தம் வரும். சின்ன டப்பாவில் தேங்காய் எண்ணெய் எடுத்துப் போங்கள். உயரம் கூடக் கூட வெயிலின் புற ஊதாக்கதிர் வீச்சும் கூடும் என்பதால், காற்று குளிர்ச்சியாக இருந்தாலும் சன்ஸ்க்ரீன் பூசத்தான் வேண்டும். கறுத்த தோலுக்குத் தேவையில்லை என்ற பேச்சை இங்கே விட்டுவிடுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். கோடையில் முகாம்களில் குழாய் இருந்தாலும் பழுதாகி மூடியிருக்கும் நாட்கள் உண்டு. பார்வையாளர் மையத்தில் பிடித்து நிரப்பிக்கொண்டு மேலே போவது உத்தமம். ஓடைத் தண்ணீர் கண்ணாடி போல இருக்கும், ஆனாலும் கொதிக்க வைக்காமலோ வடிகட்டாமலோ குடிக்காதீர்கள்.

படி 6: சமையல், அதாவது பருப்பு வேகாத ஊர்

நம் சமையல்காரர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கலாம். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். வீலர் பீக் முகாமில் ஏறத்தாழ 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம்தான். அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் திறந்த பாத்திரத்தில் சூடு அதற்கு மேல் ஏறாது. துவரம்பருப்பு மணிக்கணக்காகக் குதித்துக்கொண்டே இருக்கும், மசியாது. அரிசி வெளியே குழைந்து நடுவில் விதையோடு நிற்கும். கடலை, ராஜ்மா பற்றிப் பேசவே வேண்டாம்.

தீர்வு நம் வீட்டிலேயே இருக்கிறது: சின்ன பிரஷர் குக்கர். 2 லிட்டர் அல்லது 3 லிட்டர் போதும். மேலேயும் அது 110 டிகிரியைத் தாண்டும். வீட்டில் மூன்று விசில் என்றால் அங்கே நான்கைந்து விடுங்கள், தண்ணீரும் கொஞ்சம் கூட ஊற்றுங்கள். பருப்பை மதியமே ஊறப்போட்டால் கேஸ் மிச்சம். அமெரிக்க முகாம்களில் விசில் சத்தம் கேட்டுப் பக்கத்துக் கூடாரத்தில் தலை நீட்டிப் பார்ப்பார்கள். ஒரு தட்டு சாம்பார் சாதம் கொடுத்தால் அந்தப் பிரச்சினையும் தீர்ந்தது.

குக்கர் வேண்டாம் என்பவர்கள் கொதிநிலையை நம்பாத உணவாகப் பார்க்க வேண்டும். ரவை உப்புமா, சேமியா, அவல் எல்லாம் தகராறு செய்யாது. வீட்டிலேயே செய்துவந்த புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, பருப்புப்பொடி, சப்பாத்தி இருந்தால் இரண்டு நாள் ஓடிவிடும். தோசைக்கல் வேலைக்கு உயரம் தடையே இல்லை, அது தண்ணீரை நம்பியதில்லையே. முதல் நாள் மாவை ஐஸ் பெட்டியில் கொண்டுபோய் தோசை ஊற்றுங்கள். ஃபில்டர் காபிக்கு 90 டிகிரி வெந்நீர் போதும், டிகாஷன் நன்றாகவே இறங்கும். டீ பிரியர்கள் தூளைக் கூடுதல் நேரம் கொதிக்க விட வேண்டும்.

இன்னொரு விஷயம்: கீழே அடைத்த டப்பாக்கள் மேலே உப்பிவிடும். சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி ஆவது வேடிக்கை. தயிர் டப்பாவும் ஊறுகாய் பாட்டிலும் திறக்கும்போது சட்டையில் தெறிப்பது வேடிக்கை இல்லை. மூடியை மெதுவாகத் தளர்த்தித் திறங்கள்.

அடுப்பைப் பொறுத்தவரை, வீட்டில் மேசை மேல் வைக்கும் வகையில் வரும் நீள பூட்டேன் டப்பா குளிர்ந்த காலைகளில் மந்தமாகிவிடும். புரோப்பேன் உருளையில் எரியும் அடுப்பே நல்லது. மழையோ குளிரோ, கூடாரத்துக்குள் அடுப்பையோ கரியையோ பற்ற வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

படி 7: கூடாரமும் நெருப்பும்

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். தரை சரளையும் பாறையும் கலந்தது. கூடாரத்தோடு வரும் மெல்லிய அலுமினிய முளைகள் வளையும். இரும்பு முளைகளும் ஒரு சுத்தியலும் எடுத்துப் போங்கள், நான்கு மூலையையும் இழுத்துக் கட்டுங்கள். பகலில் காற்று சரிவில் மேல்நோக்கி வீசும். சூரியன் மறைந்ததும் திசை மாறி, குளிர்ந்த காற்று மலையிலிருந்து ஓடையின் வழியாகவே கீழே வழிந்து வரும். அதனால் ஓடைக்கு மிக அருகில் இருக்கும் தாழ்ந்த திட்டு அழகாக இருந்தாலும் இரவில் அதுதான் அதிகம் சில்லிடும். ஒதுக்கப்பட்ட இடத்துக்குள்ளேயே கொஞ்சம் மேடான பக்கத்தில், வாசல் மலை உச்சிக்கு முதுகு காட்டும்படி அடிப்பேன். மேல் துவாரங்களை மூடிவிடாதீர்கள். மூச்சின் ஈரம் உள்கூரையில் படிந்து விடிகாலையில் சொட்டும்.

சாப்பாடு, பற்பசை, குப்பை எல்லாம் காருக்குள். அணில்களும் எலிகளும் துணிந்தவை. மான் எலியின் எச்சத்திலிருந்து ஹன்டா வைரஸ் பரவக்கூடும் என்பதால், எலிப் பொந்துகளுக்குப் பக்கத்தில் கூடாரம் வேண்டாம். விறகு எடுக்கும்போதும் பாறை இடுக்கில் கை விடும்போதும் பார்த்துச் செய்யுங்கள். விரியன் இனத்தைச் சேர்ந்த கிலுகிலுப்பைப் பாம்பு இந்த மலையில் உண்டு.

நெருப்பு விஷயத்தில் இரண்டு விதிகள். 10,000 அடிக்கு மேல் எங்குமே நெருப்பு மூட்டக்கூடாது. வீலர் பீக் முகாம் வெறும் 114 அடி வித்தியாசத்தில் தப்பித்திருக்கிறது. பிரிசில்கோன் கட்டையை எந்த உயரத்திலும் எரிக்கக்கூடாது. தரையில் கிடக்கும் சுள்ளிகூட ஆயிரக்கணக்கான ஆண்டு தட்பவெப்ப வரலாற்றைத் தன் வளையத்தில் வைத்திருக்கலாம். வறண்ட கோடைகளில் எல்லா நெருப்பையும் தடை செய்துவிடுவார்கள். வெளியூர் விறகில் பூச்சி வரும் என்பதால் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

படி 8: நாட்களை எப்படி அடுக்குவது

வந்து சேரும் மாலை ஒன்றும் செய்யாதீர்கள். ஓடையோரம் நடந்து, தண்ணீர் குடித்து, சீக்கிரம் படுங்கள். மதுவை முதல் இரவாவது தள்ளிப்போடுங்கள். உயரத்தின் தலைவலியையும் அதன் தலைவலியையும் பிரித்துச் சொல்ல முடியாது.

முதல் முழு நாள் குகைக்கு ஏற்றது, நடை குறைவு. உள்ளே ஆண்டு முழுக்க சுமார் 10 டிகிரிதான், ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே தனிச்சிறப்பு கேடயம் போன்ற வடிவங்கள்: இரண்டு வட்டத் தட்டுகள் ஒட்டி, நடுவில் மெல்லிய வெடிப்போடு சுவரிலிருந்து நீட்டி நிற்கும். உலகக் குகைகளில் அரிதான இவை இங்கே 300-க்கும் மேல் இருக்கின்றன. வேறு குகையில் போட்டிருந்த செருப்பு, உடை, கேமராவை இங்கே கொண்டுவராதீர்கள். வௌவால்களைக் கொல்லும் வெள்ளை மூக்கு நோயின் பூஞ்சை அவற்றில் ஒட்டிக்கொண்டு பரவும். வாசலில் ரேஞ்சர் இதைக் கேட்பார்.

இரண்டாம் நாள் மேலே. ஸ்டெல்லா, தெரேசா ஏரிகளைச் சுற்றும் பாதை மூன்று மைலுக்கும் குறைவு, ஏற்றம் மிதம். அதிலிருந்து பிரிந்து பிரிசில்கோன் தோப்புக்குப் போங்கள். நேரம் ஒதுக்கிப் போக வேண்டிய இடம் இது. இந்த மரங்கள் மண் மோசமாக, குளிர் கடுமையாக, காற்று ஓயாத இடத்தில்தான் அதிக வயது வாழ்கின்றன. வளர்ச்சி மெதுவாக இருப்பதால் கட்டை இறுகி, பிசின் நிறைந்து, பூச்சியும் பூஞ்சையும் உள்ளே போக முடிவதில்லை. மரத்தின் பெரும்பகுதி செத்துவிட்டாலும், ஒரு விரற்கிடை பட்டைவழியே வேர் கிளைக்கு நீர் அனுப்பும். வசதியான தாழ்வில் வளரும் அதே இனம் வேகமாக வளர்ந்து வேகமாகச் சாகும்.

1964-இல், இது பூங்காவாகும் முன், டொனால்ட் கரி என்ற ஆராய்ச்சி மாணவர் வனத்துறை அனுமதியோடு இந்தச் சிகரத்தின் அடியில் ஒரு பிரிசில்கோனை வெட்டினார். பிற்பாடு அதன் வளையங்களை எண்ணியபோது 4,862 வந்தது. புரோமிதியஸ் என்று பெயர் வைக்கப்பட்டிருந்த அந்த மரம் சிந்துவெளி நகரங்கள் எழும்புவதற்கு முன் முளைத்தது. அன்றைக்குத் தெரிந்த எந்த மரத்தையும்விட வயது அதிகம், தெரிய வந்ததோ வெட்டிய பிறகு. எழுந்த கண்டனம் இந்த மலையைப் பூங்காவாக்கக் கேட்டவர்களுக்கு வலு சேர்த்தது. தோப்பில் பாதையை விட்டு இறங்காதீர்கள், வேர்கள் மண்ணுக்கு மிக மேலேயே ஓடுகின்றன.

சிகரம் ஏற ஆசைப்படுபவர்களுக்கு மூன்றாம் நாள், அதற்கு முன் வேண்டாம். பாதை 10,160 அடியில் தொடங்குகிறது. போய் வர 8.6 மைல், ஏற்றம் சுமார் 2,900 அடி. கயிறு, கருவி எதுவும் வேண்டாம், நுரையீரல்தான் வேண்டும். விடியும் முன் தலையில் மாட்டும் டார்ச்சோடு கிளம்பி, நண்பகலுக்குள் முகட்டை விட்டு இறங்கிவிடுங்கள். கோடையில் பிற்பகல் மேகம் அரை மணி நேரத்தில் திரண்டுவிடும். மரமே இல்லாத முகட்டில் மின்னலுக்கு உயரமான பொருள் நீங்கள்தான். இடி கேட்டால் சிகரம் கண்ணுக்கு முன்னால் இருந்தாலும் திரும்புங்கள்.

தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால் ஏறுவதை நிறுத்துங்கள். ஓய்விலும் குறையவில்லை என்றால் கீழே இறங்குவதுதான் மருந்து. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினாலோ இரவென்று பார்க்காமல் காரை எடுத்து இறங்கி உதவி தேடுங்கள். நடு உயர முகாமுக்கே 700 மீட்டர் இறக்கம் கிடைக்கும்.

இரவுக்கு வருவோம். கோடையில் பத்து மணிக்குத் தெற்கே பால்வீதியின் மையம் எழுந்து நிற்கும். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். அதற்குள் யாராவது கைபேசியைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சில் சிவப்பு விளக்கு இருந்தால் நல்லது, இல்லையேல் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தை வலிக்க விடாமல், பாயை வெளியே இழுத்துப் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுத்தபடியே பாருங்கள். பின்னிரவில் வடகிழக்கே ஆந்த்ரோமெடா மண்டலம் வெறும் கண்ணுக்கே மங்கிய புகையாகத் தெரியும். கோடை மாலைகளில் ரேஞ்சர்கள் தொலைநோக்கி வைத்துக் காட்டும் நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. நேரம் பார்வையாளர் மையத்துப் பலகையில் இருக்கும்.

படி 9: கிளம்பும்போது

கூடாரத்தை வெயில் ஏறிக் காய்ந்த பிறகே மடியுங்கள். இந்த வறட்சியில் அரை மணி நேரம் போதும். இறங்கும்போது தாழ்ந்த கியரில் வாருங்கள், பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிவிடும். யூட்டா பக்கம் போகிறவர்கள் ஒன்றைக் கணக்கில் வைக்க வேண்டும்: எல்லையைத் தாண்டியதும் நேரம் ஒரு மணி முன்னால் போய்விடும். சால்ட் லேக் சிட்டியில் மாலை 6 மணிக்கு விமானம் என்றால் முகாமின் கடிகாரத்தில் அது 5 மணி. நான்கு மணி நேர ஓட்டத்தையும் டெல்டாவில் பெட்ரோலையும் சேர்த்தால், காலை 9 மணிக்குள் பேக்கரைக் கடந்துவிடுங்கள்.